பழைய பெய்லி வகை இழைப்புளி: அடையாளம் காண்பதிலிருந்து முதல் சுருள் வரை

பழைய இரும்பு இழைப்புளி ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் பலர் முதலில் செய்வது, அதன் அடித்தட்டை உப்புத்தாளில் மணிக்கணக்காகத் தேய்ப்பது. உண்மையில் அது கடைசியில் வர வேண்டிய வேலை. பல இழைப்புளிகளுக்கு அது தேவையே இல்லை. இந்த வழிகாட்டியில் வேலைகளை நான் வைத்திருக்கும் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியும் அடுத்ததை எளிதாக்கும். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய நேரும்.

இங்கே பேசுவது ஸ்டான்லி நிறுவனம் செய்த பெய்லி வகை பற்றி. ரெக்கார்ட், சார்ஜென்ட், மில்லர்ஸ் ஃபால்ஸ் ஆகியவையும் பெரும்பாலும் இதே அமைப்புதான். நம் ஊர் ஆசாரிகளின் மர இழைப்புளியில் ஆப்பைத் தட்டிப் பிளேடை இறுக்குவோம். இதில் ஆப்புக்குப் பதில் லீவர் கேப் இருக்கிறது, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கப் பித்தளைத் திருகு இருக்கிறது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அகலமான வாயுள்ள ஸ்க்ரூடிரைவர், நேரான இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், சிட்ரிக் அமிலம் (கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள்), சமையல் சோடா, பித்தளைக் கம்பி பிரஷ், தையல் மிஷின் எண்ணெய், மெழுகுவத்தி. தீட்டுவதற்கு ஒரு கரடான கல், 1000 கிரிட் கல், 6000 அல்லது 8000 கிரிட் கல். கல் இல்லையென்றால் தடித்த கண்ணாடிப் பலகையில் ஒட்டிய எமரித் தாள் போதும். கோணம் தவறாமல் தீட்ட ஹோனிங் கைடு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்க முடிச்சில்லாத, நேரான ரேகையுள்ள மென்மரத் துண்டு ஒன்று வேண்டும். பைன் நல்லது. முதல் சோதனையைத் தேக்கிலோ பலாவிலோ செய்தால், குறை மரத்திலா இழைப்புளியிலா என்று பிரித்தறிய முடியாது.

2. வாங்கும் முன்: எது சரியாகும், எது ஆகாது

துரு பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. மேலோட்டமான செந்துரு ஒரு மாலை வேலை. பயப்பட வேண்டியது வெடிப்பு. உடல் வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் வளையாது, வெடிக்கும். பிளேடு வெளியே வரும் வாயின் இரு மூலைகளிலிருந்தும் பக்கச் சுவரில் மெல்லிய கோடு ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வாயின் விளிம்பு உடைந்திருந்தாலும், பக்கச் சுவரில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பிளேடு. மேல்பக்கத்தில் இருக்கும் நீள துளைக்கும் கூர்முனைக்கும் நடுவே அரை அங்குலம்கூட மிச்சமில்லை என்றால் அது தேய்ந்து தீர்ந்த பிளேடு. மாற்றுப் பிளேடு கிடைக்கும், ஆனால் விலையில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கூர்முனைக்கு அருகில், சாய்வில்லாத தட்டைப் பக்கத்தில், துரு அரித்த குழிகள் இருந்தால் அதுவும் அதே கணக்குதான். ஒவ்வொரு குழியும் கூர்முனையில் ஒரு பல்லாக நின்று மரத்தில் கோடு போடும்.

பின் கைப்பிடியின் கொம்பு உடைந்திருப்பது மிகச் சாதாரணம். ஒட்டிக்கொள்ளலாம். திருகாணிகள் காணாமல் போயிருந்தால்தான் தொல்லை. ஸ்டான்லி பயன்படுத்திய திருகாணிகளின் மரை தனி அளவு. வன்பொருள் கடைத் திருகாணி எதுவும் அதில் ஏறாது. ஆகவே எல்லாத் திருகாணிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

3. எண்ணைப் படிப்பது

உடலில் வார்க்கப்பட்டிருக்கும் எண் அளவைச் சொல்கிறது. 3 என்பது சுமார் 8 அங்குல நீளம். 4 என்றால் 9 அங்குலம், 5 என்றால் 14, 6 என்றால் 18, 7 என்றால் 22, 8 என்றால் 24. நான்கிலும் ஐந்திலும் பிளேடு 2 அங்குல அகலம். ஏழில் 2⅜ அங்குலம்.

நீளம் ஏன் முக்கியம்? குட்டையான இழைப்புளி பலகையின் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கிப் போகும். நீளமானது பள்ளத்தின் மேல் பாலம் போல் நின்று மேட்டை மட்டும் வெட்டும். அதனால் கரடு எடுக்க 5, நேராக்க 7, மழமழப்பாக்க 4. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் என் தேர்வு 5. கொஞ்சம் கடினமாக இருந்தாலும் மூன்று வேலையையும் அதை வைத்துச் செய்துவிடலாம்.

மற்ற நிறுவனங்களின் எண்ணால் குழம்ப வேண்டாம். மில்லர்ஸ் ஃபால்ஸ் நீளத்தையே எண்ணாக வைத்தது: அதன் 9 என்பது ஸ்டான்லியின் 4, 14 என்பது 5, 22 என்பது 7. சார்ஜென்ட் முன்னால் ஒரு நான்கைச் சேர்த்து 409, 414, 422 என்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் சுழியம் சேர்த்து 04, 05 என்று போட்டது. நீல நிறமும் அதற்கு அடையாளம். ஸ்டான்லியிலேயே 604, 605 என்று மூன்று இலக்கம் இருந்தால் அது பெட்ராக் வகை. பிளேடைக் கழற்றாமலே பிராக்கை, அதாவது பிளேடு சாய்ந்து உட்காரும் இரும்பு மேடையை, நகர்த்த முடியும் என்பதால் விலை பல மடங்கு அதிகம்.

4. எந்தக் காலத்தது என்று பார்ப்பது

வயதைக் கண்டுபிடிப்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. பாகங்கள் ஒரே காலத்தவையா, இரண்டு மூன்று இழைப்புளிகளிலிருந்து சேர்த்துக் கட்டியதா என்று அதில்தான் தெரியும். கலந்து கட்டியதில் பிராக் சரியாக உட்காராமல் போகலாம். அப்படிப்பட்டதைத் தீட்டித் தீட்டி நாளை வீணடிப்பவர்கள் உண்டு.

பிராக்குக்கும் பின் கைப்பிடிக்கும் நடுவே அடித்தட்டின் மேல்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க ஸ்டான்லியில் அங்கே காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும். 1902 மார்ச், 1902 ஆகஸ்ட், 1910 ஏப்ரல் என்று மூன்று தேதிகள் இருந்தால் அந்த உடல் சுமார் 1910 முதல் 1918 வரையிலானது. 1910 தேதி மட்டும் தனியாக இருந்தால் 1920களின் பிற்பகுதி. தேதியே இல்லாமல் அமெரிக்காவில் செய்தது என்ற வார்ப்பு இருந்தால் 1931க்குப் பிறகு.

மற்ற அடையாளங்களை இதோடு ஒத்துப் பாருங்கள். பிராக்கின் பின்னால் அதை முன்னும் பின்னும் நகர்த்தும் சிறு திருகு 1907 வாக்கில் வந்தது. முன் குமிழ் குட்டையாக உருண்டையாக இருந்தால் 1920க்கு முந்தியது. அதற்குப் பிறகு உயரமானது. பித்தளைத் திருகு 1 அங்குலத்திலிருந்து 1¼ அங்குலமாக வளர்ந்ததும் அதே சமயத்தில்தான். லீவர் கேப்பில் ஸ்டான்லி என்ற பெயர் 1925 முதல். முன் குமிழின் அடியைச் சுற்றி உயர்ந்த வளையம் இருந்தால் 1930ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. லீவர் கேப்பின் துளை சாவித்துவார வடிவத்திலிருந்து சிறுநீரக வடிவத்துக்கு மாறியது 1933இல். பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் கடின ரப்பர் திருகு இருந்தால் 1942 முதல் 1945 வரையிலான போர்க்காலத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளேடில் உள்ள முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். இதயக் குறிக்குள் எழுத்து உள்ள முத்திரை 1920 முதல் 1930களின் நடுப்பகுதி வரை வந்தது, அதைக் காட்டியே விலை சொல்பவர்கள் உண்டு. பிளேடு தேய்ந்து மாறும் பாகம். உடலும் பிராக்கும் சொல்வதற்குத்தான் மதிப்பு. இந்த ஆண்டுகளும் துல்லியமானவை அல்ல. பழைய கையிருப்புப் பாகங்கள் தீரும்வரை தொழிற்சாலை அவற்றைப் போட்டுக்கொண்டே இருந்தது.

வேலைக்கு வாங்குபவருக்கு என் பரிந்துரை 1910க்கும் 1941க்கும் இடைப்பட்டவை. அதற்குப் பிந்தியவற்றிலும் நல்லவை உண்டு. 1960களிலிருந்து போகப் போக வார்ப்பும் கடைசலும் தரம் குறைகின்றன.

5. கழற்றுவது

முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லீவர் கேப்பின் நெம்பைத் தூக்கி அதை எடுங்கள். அடியில் பிளேடும், அதன் மேல் படிந்து சுருளை மடக்கும் தகடான சிப் பிரேக்கரும் ஒன்றாகத் திருகப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்து, நடுத் திருகாணியை அரை சுற்று மட்டும் தளர்த்தி, சிப் பிரேக்கரைக் கூர்முனையிலிருந்து பின்னோக்கி இழுத்துக் குறுக்கே திருப்புங்கள். கூர்முனையின் மேலாக உரசி இழுத்தால் இரண்டு விளிம்பும் கெடும்.

அடுத்து பிராக்கின் இரண்டு திருகாணிகள். துருவில் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். ஸ்க்ரூடிரைவரின் வாய் திருகாணியின் பிளவை முழுதாக நிரப்ப வேண்டும். சின்னதை வைத்து முறுக்கினால் பிளவு சிதையும். சிதைந்த திருகாணிக்கு மாற்று தேடி அலைய வேண்டும்.

ஆழத் திருகின் மரை இடப்பக்க மரை. சாதாரணத் திருகுக்கு நேரெதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போடும்போது உடைவது, அந்தத் திருகு நகர்த்தும் இரண்டு கொம்புள்ள கவட்டை. அதுவும் வார்ப்புதான்.

6. துரு எடுப்பது

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம். பிளேடு, சிப் பிரேக்கர், லீவர் கேப், திருகாணிகள் ஆகியவற்றை இதில் போட்டு மணிக்கொரு முறை எடுத்து பிரஷால் தேயுங்கள். ராத்திரி போட்டு மறந்துவிடக் கூடாது. அமிலம் துருவை முடித்ததும் இரும்பையே அரிக்கும். பித்தளையை இரும்போடு சேர்த்து ஊறவைக்காதீர்கள், செம்பு நிறம் ஏறிவிடும்.

உடலையும் பிராக்கையும் ஊறப்போடாமல் இருப்பதே நல்லது. அவற்றின் கறுப்புப் பூச்சு நூறாண்டுப் பழையது. விளிம்பில் பெயர்ந்த இடம் வழியாக அமிலம் உள்ளே புகுந்தால் செதில் செதிலாக உரியும். எண்ணெய் விட்டுத் துணியாலும் நைந்த உப்புத்தாளாலும் துருப்பிடித்த இடத்தை மட்டும் துடையுங்கள்.

அமிலத்திலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். கடற்கரை ஊர்களில் இந்த இடைவெளியைப் பத்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. கண்ணெதிரே புதுத் துரு பூக்கும்.

7. பிராக்கை உட்காரவைப்பது

பிராக்கும் உடலும் தொடும் பரப்புகளில் பழைய அழுக்கும் பெயிண்ட் துளிகளும் இருக்கும். அவற்றைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். திருகாணி போடாமல் பிராக்கை வைத்து மூலைகளை மாறிமாறி அழுத்துங்கள். ஆடினால் எங்கோ மேடு இருக்கிறது. பிளேடு அதிர்ந்து மரத்தில் அலையலையாக வெட்டு விழுவதற்கு முதல் காரணம் இந்த ஆட்டம்தான்.

ஆடாமல் நின்றதும், பிராக்கின் சாய்வுப் பரப்பு வாயின் பின்விளிம்போடு ஒரே கோட்டில் வரும்படி நகர்த்தி இறுக்குங்கள். மெல்லிய சுருள் வேண்டும் என்று படித்துவிட்டு ஆரம்பத்திலேயே பிராக்கை முன்னால் தள்ளி வாயைச் சுருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் சுருள் உள்ளே அடைத்துக்கொள்ளும். நார் பிய்வதைத் தடுக்கச் சிப் பிரேக்கர் இருக்கிறது, வாயை விட்டுவிடுங்கள்.

8. பிளேடைத் தீட்டுவது

இழைப்புளி வெட்டவில்லை என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பிளேடைத்தான். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

தட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கூர்முனை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பு குழியும் மேடுமாக இருந்தால் மறுபக்கத்தை எவ்வளவு தீட்டியும் கோடு கூராகாது. முழுப் பிளேடையும் தட்டையாக்க வேண்டியதில்லை. முனையை ஒட்டிய அரை அங்குலம் போதும். கரடான கல்லில் தொடங்கி, முனை ஓரம் முழுதும் ஒரே மாதிரிக் கீறல் தெரியும்வரை தேய்த்து, நயமான கல்லுக்குப் போங்கள்.

பழைய பிளேடு வளைந்திருந்து இது முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. நயமான கல்லின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்கேலை வைத்து, அதன்மேல் பிளேடின் பின்பகுதியைச் சாய்த்து, முனையை மட்டும் கல்லில் தேயுங்கள். முனையின் மயிரிழை அகலம் மட்டும் மெருகேறும். வெட்டுவதற்கு அது போதும்.

இனி சாய்வுப் பக்கம். அடிச்சாய்வு 25 பாகை, தீட்டும் சாய்வு 30 பாகை. முனை உடைந்தோ கோணலாகவோ இருந்தால் முதலில் சாணைச் சக்கரத்தில் 25 பாகையில் நேராக்குங்கள். அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். முனை நீலமானால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. நீலம் நீங்கும்வரை தேய்த்துத் தள்ளினால்தான் மீண்டும் கூர் நிற்கும்.

சாதாரணமாகக் கிடைக்கும் பக்கவாட்டில் இறுக்கும் ஹோனிங் கைடில் பிளேடு 38 மில்லிமீட்டர் வெளியே நீண்டால் 30 பாகை, 50 மில்லிமீட்டர் நீண்டால் 25 பாகை. மரக்கட்டையில் இந்த இரண்டு நீளத்துக்கும் ஒரு தடுப்பு ஆணியடித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

1000 கிரிட்டில் தேய்க்கும்போது தட்டைப் பக்கத்தில் விரலால் தடவுங்கள். ஓரம் முழுதும் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு எழும் முன்பே அடுத்த கல்லுக்குப் போவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. பிசிறு வரவில்லை என்றால் கல் இன்னும் முனையைத் தொடவில்லை என்று பொருள். நயமான கல் அந்த மழுங்கலை மெருகேற்றித்தான் தரும். பிசிறு வந்ததும் 6000க்குப் போய், கடைசியில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பில் பிசிறை எடுங்கள்.

4ஆம் எண்ணுக்கு முனை நேராக, இரண்டு மூலைகள் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பலகையில் மூலைகள் கோடிழுக்கும். கரடு எடுக்கும் 5க்கு முனை வில்லாக வளைந்திருக்கலாம்.

கூர் வந்துவிட்டதா என்று பைன் துண்டின் குறுக்கு முனையில் கையால் சீவிப் பாருங்கள். நார் நொறுங்காமல் பளபளப்பான வெட்டு வந்தால் சரி.

9. சிப் பிரேக்கர்

இதன் முன்விளிம்பு பிளேடின் தட்டைப் பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் படிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால், கல்லில் விளிம்பின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். அப்போது சிப் பிரேக்கரின் பின்முனை கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்படித் தேய்த்தால் விளிம்பின் நுனி மட்டும் தொடும். இடைவெளி இருந்தால் சுருள் அதில் நுழைந்து ஆப்பாக நிற்கும்.

விளிம்பு கூர்முனையிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும்? கரடு எடுக்க 1.5 மில்லிமீட்டர். மழமழப்புக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ரேகை முன்னும் பின்னும் ஓடும் மரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெள்ளிக்கோடு போல் மிச்சம் வைத்தால் போதும். அருகில் கொண்டுவரக் கொண்டுவரச் சுருள் உடனே மடக்கப்படும். முன்னால் ஓடி நாரைப் பிய்க்க அதற்கு வழி இருக்காது. தள்ளுவது கனக்கும், சுருள் வளையாமல் மடிந்து மடிந்து வரும் என்றால் சற்றுப் பின்னால் எடுங்கள்.

10. பூட்டி, ஆழம் வைப்பது

பெய்லி வகையில் பிளேடின் சாய்வுப் பக்கம் கீழே, பிராக்கைப் பார்த்து இருக்கும். சிப் பிரேக்கர் தட்டைப் பக்கத்தில் வரும். தலைகீழாகப் பூட்டிவிட்டு வெட்டவில்லையே என்று திகைப்பவர்கள் எத்தனையோ பேர். சிப் பிரேக்கரின் சிறு துளையில் ஆழக் கவட்டை நுழைந்ததா என்றும் பாருங்கள்.

லீவர் கேப் கட்டைவிரல் அழுத்தத்தில் மூட வேண்டும். அதிகம் இறுக்கினால் ஆழத் திருகு நகராது, உடலும் நெளியும். தளர்வாக இருந்தால் வேலை நடுவே பிளேடு நழுவும்.

பிளேடை முழுதும் உள்ளே இழுத்துவிட்டு, இழைப்புளியைத் திருப்பிப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து அடித்தட்டை ஒட்டிப் பாருங்கள். பிளேடு கறுப்புக் கோடாக எழும்வரை திருகைச் சுற்றுங்கள். கோடு ஒரு பக்கம் தடித்தால் பின்னாலுள்ள பக்கவாட்டு நெம்பை நகர்த்துங்கள். கண்ணுக்குச் சரியானதும், தீக்குச்சி அளவு மரச் சீவலை வாயின் இடது மூலையிலும் வலது மூலையிலும் உரசிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தடிமன் சீவல் வர வேண்டும். விரலால் சோதிக்க வேண்டாம்.

பழைய திருகில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆழத்தைக் குறைக்க வேண்டுமானால் தேவைக்கு மேல் பின்னால் எடுத்துவிட்டு, மறுபடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். கடைசி அசைவு எப்போதும் முன்னோக்கியே இருக்கட்டும். இல்லாவிட்டால் பிளேடு வேலை நடுவில் தானாக உள்ளே போகும்.

11. அடித்தட்டைப் பற்றி யோசிப்பது இப்போதுதான்

பைனில் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய, முழு அகலச் சுருள் வந்தால் அடித்தட்டைத் தொடாதீர்கள்.

மெல்லிய சுருள் வரவே மறுத்து, ஆழம் கூட்டியதும் திடீரெனத் தடித்து வெட்டினால் மட்டும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தொட வேண்டிய இடங்கள் மூன்று: முன்முனை, வாய்க்குச் சற்று முன்னே, பின்முனை. வாய்க்கு முன்னால் உள்ள பகுதி பள்ளமாக இருப்பதுதான் கெடுதல். அங்கே நாரை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகும்.

தேய்க்க வேண்டி வந்தால், பிளேடை உள்ளே இழுத்து லீவர் கேப்பை வேலை செய்யும் அளவுக்கு இறுக்கிவிட்டுத் தேயுங்கள். அந்த இறுக்கம் உடலைச் சிறிது நெளிக்கிறது. கழற்றிவிட்டுத் தட்டையாக்கினால் பூட்டியதும் தட்டை போய்விடும். அடித்தட்டில் மார்க்கரால் கோடுகள் போட்டு, கண்ணாடியில் ஒட்டிய 80 கிரிட்டில் தொடங்கி, அந்த மூன்று இடங்களிலும் கோடு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சின்னக் குழிகள் இருக்கட்டும்.

12. மரத்தில் ஓட்டுவது

பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் ரேகை எந்தப் பக்கம் மேலேறுகிறது என்று தெரியும். அது ஏறும் திசையில் தள்ளுங்கள். எதிராகப் போனால் நார் பிய்யும்.

அடித்தட்டில் மெழுகுவத்தியால் ஒரு கீறு இழுங்கள். தொடங்கும்போது பாரம் முன் குமிழில், நடுவில் இரண்டு கையிலும், முடிக்கும்போது பின் கைப்பிடியில். இதைக் கவனிக்காதவர்களின் பலகை இரண்டு முனையிலும் சரிந்து நடுவில் மேடாகிவிடும். கையால் தள்ளாமல் உடம்பால் தள்ளுங்கள். இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தொடங்குவது எளிது.

கரடான பலகையை 5ஆல் குறுக்காகவும் மூலைவாட்டிலும் இழைத்து மேடுகளை எடுத்து, 7ஆல் நீளவாட்டில் நேராக்கி, கடைசியில் 4ஆல் மழமழப்பாக்குங்கள். 4ஐ முதலில் எடுத்தால் மேடுபள்ளமெல்லாம் அப்படியே பளபளக்கும்.

திரும்பி இழுக்கும்போது பின்முனையைச் சற்றுத் தூக்குங்கள். கூர் மழுங்கத் தொடங்கினால் சத்தம் மாறும், தள்ளும் கை கனக்கும், சுருள் தூளாகும். அப்போது ஆழத்தைக் கூட்டாமல் கல்லுக்குப் போங்கள். நயமான கல்லில் ஐந்து நிமிடம் போதும்.

வேலை முடிந்ததும் வாயிலுள்ள தூளைத் தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அடியில் ஒரு மெல்லிய குச்சி வைத்து முன்பக்கம் உயர்ந்தபடி நிறுத்துங்கள். தேக்கிலோ புளியமரத்திலோ வேலை செய்திருந்தால் சிப் பிரேக்கரையும் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். அந்த மரங்களின் பிசினும் ஈரமும் அடியில் தங்கினால் அடுத்த வாரம் கூர்முனையில் துருப்புள்ளி இருக்கும்.